நான்காம் துளையில் ஏழாம் பல்

ஜூலை 9, செவ்வாய். காலையிலிருந்து மழை.

பிழை: இன்று செய்ததல்ல. பதினெட்டு நாட்களுக்கு முன் செய்தது, இன்றுதான் தெரிந்தது. ஷேடு கைடைக் கழுவித் திருப்பி மாட்டும்போது நான்காம் பல்லையும் ஏழாம் பல்லையும் இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன்.

நான் படிக்கிற பல் டெக்னீஷியன் மாலை வகுப்பில் எங்களுக்குச் சொன்ன முறை இது. ஒரு பதிவென்றால் முதல் வரியில் பிழை, கடைசி வரியில் நாளைய வேலை. நடுவில் நடந்ததை எழுதலாம். பிழையே இல்லை என்று யாராவது எழுதிக்கொண்டு போனால், "அன்னிக்கு வேலைக்குப் போகலையா?" என்று ஆசிரியர் கேட்பார். நடுப்பகுதி எனக்கு நீண்டுவிடுகிறது என்று போன மாதம் சிவப்பு மையில் குறித்திருந்தார். இந்தப் பதிவை அவரிடம் காட்டப்போவதில்லை.

ஷேடு கைடு என்பது பதினாறு மாதிரிப் பற்களை வரிசையாகச் செருகிய ஓர் உலோகச் சட்டம். முன்பல் கட்டிக்கொள்ள வருகிறவரின் உதட்டைத் தூக்கி, பக்கத்துப் பல்லோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒத்துப்போகிற பல்லின் எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். உள்ளறையில் அதே எண்ணுள்ள பீங்கான் தூளைக் குழைத்து, உலையில் வைத்து, பல் செய்வார்கள். நான் வேலை பார்க்கும் பல் லேபில் இருப்பது பழைய சட்டம். மாதிரிப் பற்களின் காம்பில் இருந்த எண்கள் தேய்ந்துபோய், துளைகளுக்கு மேலே காகிதத்தில் எண் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆகவே ஒரு பல்லை எடுத்து, கழுவி, துடைத்து, அதே துளையில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஜூன் 21 அன்று வகுப்புக்குப் பேருந்து தப்பிவிடும் என்று பதினாறையும் ஒன்றாக உருவி மருந்துத் தண்ணீரில் போட்டேன். பேருந்து கிடைத்தது.

லேப் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீடு மாடியில். வீட்டில் மூன்று பேர்: லேபுக்குச் சொந்தக்காரரான பெரியவர், அவருடைய மகள், மகளின் கணவர். மகளை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். முன்பக்கம் உட்கார்ந்து பெட்டிகளை வாங்குவதும் அனுப்புவதும் டாக்டர்களின் திட்டை வாங்கிக்கொள்வதும் அவள் வேலை. அவள் கணவரை நான் அண்ணா என்பேன். மற்ற எல்லோருக்கும், பல் டாக்டர்களுக்கும் கூரியர்காரருக்கும் எதிர்க்கடைக்காரருக்கும்கூட, அவர் மாப்பிள்ளைதான். எட்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். ஆறு வருடமாக நான் பல் அச்சுகளில், கரைத்ததும் இறுகிவிடுகிற ஜிப்சம் மாவை ஊற்றுகிறேன். ஊற்றி முடிக்கும்போது புருவம்வரை வெள்ளையாகிவிடுவதால் என் பெயர் மாவு.

ஜன்னல் மேசை பெரியவருடையது. வடக்குப் பார்த்த ஜன்னல். நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வரும். பல்லின் நிறத்தை அங்கேதான் பார்க்க முடியும். அங்கே உட்கார்ந்திருப்பவரைத்தான் ஆட்களுக்குத் தெரியும். உள்ளறையில், குழல்விளக்கின் கீழ் உலையோடு உட்கார்ந்து பல்லைச் செய்கிற அண்ணாவை யாருக்கும் தெரியாது. அண்ணாவுக்கு ஜன்னல் மேசை வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பெரியவருக்கு எழுபத்தொரு வயது, எழுந்திருக்கிற எண்ணமில்லை. அதை அவரும் சொன்னதில்லை. இருவருக்கும் இடையில் மரியாதை அவ்வளவு. "வாங்க மாப்பிள்ளை." "சாப்பிட்டீங்களா மாமா." அதற்கு மேல் பேச வேண்டியதெல்லாம் அக்கா வழியாகவோ என் வழியாகவோ போய்வரும்.

போன இரண்டு வாரமாகப் பற்கள் திரும்பி வருகின்றன. நிறம் சேரவில்லை. முதலில் மழை மூட்டத்தின் மேல் பழி போட்டோம். பிறகு மாடியில், மேசையைத் துடைத்துக்கொண்டே, மாமாவை ஒரு தடவை கண் டாக்டரிடம் கூட்டிப்போகலாமா என்று அண்ணா அக்காவிடம் மிகப் பணிவாகக் கேட்டிருக்கிறார். அது கீழே வந்து சேரப் பத்து நிமிடம் ஆகவில்லை. "உலையில எவ்வளவு சூடு வெக்கிறாருன்னு மாப்பிள்ளையைப் பாத்துக்கச் சொல்லும்மா" என்று பெரியவர் பதில் அனுப்பினார்.

இன்று தபால்காரர் வந்தார். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவர். அவருக்குச் செய்து கொடுத்த பல் குளியலறை ஓடு மாதிரி வெளுப்பாக இருந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினார். "என் பேத்தி லைட்டை அணைச்சுட்டுச் சிரிக்கச் சொல்றா" என்றார். அவர் போன பிறகு, திரும்பி வந்த பல்லைச் சட்டத்தில் நான்காம் துளையில் இருந்ததோடு வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. ஏழாம் துளையில் இருந்ததோடு வைத்தேன். அச்சாக அதே நிறம். ஜூன் 21 நினைவுக்கு வந்தது.

யாரும் பார்க்காதபோது மாற்றி வைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"கையை எடு, மாவு."

பெரியவர் பின்னால் நின்றிருந்தார். கோபமாக இல்லை. அக்கா முன்பக்கம் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலும் ஏழும் மாறியிருக்கு. எனக்குத் தெரியும். நாலோட ஓரத்துல ஒரு சின்ன உடைசல் உண்டு. வெள்ளிக்கிழமை ஏழாவதைத் தொட்டப்ப விரல்ல தட்டுப்பட்டுச்சு."

"ஐயா, அது வந்து..."

"யாருன்னு நீ சொல்ல வேண்டாம். சொன்னா உனக்குத்தான் வம்பு." அவர் முகம் சின்னப் பையனுடையதைப் போல மலர்ந்திருந்தது. "ரெண்டு வாரமா என் கண்ணு போச்சுன்னு நானே நம்பிட்டேன். ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு காலண்டரைப் பாக்கிறதே வேலையா இருந்தேன். கண்ணுல ஒண்ணும் இல்ல, மாவு. கண்ணு வெச்சவர் உள்ள உக்காந்திருக்கார்."

பழி சொல்லும்போதுகூட மரியாதை குறையவில்லை. இனிமேல் நான்காம் துளைப் பல் ஒத்துப்போனால் சீட்டில் ஏழு என்று எழுதிச் சரிக்கட்டிக்கொள்வாராம். சட்டத்தை மாற்றக் கூடாதாம், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம். "நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதுவியே, இதையும் எழுதி வை. சாட்சி வேணும்" என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மாலை வகுப்புத் தேர்வு விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும், கடைசி நாள் 25. அது ஒரு காரணம். இன்னொன்று, அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

நாளைய வேலை: ஐயாவிடம் உண்மையைச் சொல்வது.

ஜூலை 12, வெள்ளி. மழை விட்டு வெயில்.

பிழை: செவ்வாய்க்கிழமை எழுதிய நாளைய வேலையைப் புதனும் செய்யவில்லை, வியாழனும் செய்யவில்லை.

இன்று மதியம் அண்ணா உள்ளறைக்குக் கூப்பிட்டார். உலை நான்கு பற்களோடு சிவந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தட்டில் தூளைக் குழைத்து, தூரிகையால் தொட்டுத் தொட்டு ஒரு கடைவாய்ப் பல்லை எழுப்பிக்கொண்டிருந்தார். தூரிகை நுனி பிரிந்தால் உதட்டில் வைத்துக் கூராக்குவது அவர் பழக்கம். வாயில் வைக்காதீர்கள் என்று நான் வாரத்துக்கு நாலு தடவை சொல்வேன்.

"எட்டு வருஷமா வெக்கிறேன். இந்த வீட்டு உப்பைவிட இதைத்தான் அதிகமா தின்னிருக்கேன்" என்றார். பிறகு தூரிகையைக் கீழே வைத்தார். "மாமாவோட சட்டத்துல நாலும் ஏழும் மாத்தி வெச்சிருக்கு. போன வியாழக்கிழமை பாத்தேன். நான் செஞ்ச பல்லை வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும்ல."

கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டேன்.

"மாமாதான்" என்றார். "நான் கையாலாகாதவன்னு அவர் மகளுக்குக் காட்டணும். வாயால சொல்ல மாட்டார், மரியாதை தெரிஞ்ச மனுஷன். அதனால பல்லை வெச்சுச் சொல்றார்."

"நேரா கேட்டுடலாமே, அண்ணா."

"மாமனார்கிட்டப் போய் திருட்டுத்தனம் பண்றீங்களான்னு கேக்கச் சொல்றியா? நான் வீட்டோட இருக்கிறவன்மா. கேட்டுட்டு எந்த வீட்டுல போய்ப் படுப்பேன்?"

அதனால் அவரும் தானே சரிக்கட்டிக்கொள்கிறாராம். சீட்டில் ஏழு என்று இருந்தால் நான்காம் எண் தூள், நான்கு என்று இருந்தால் ஏழாம் எண் தூள்.

நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். தபால்காரருக்கு வேண்டியது ஏழாம் நிறம். பெரியவர் சரிக்கட்டி, செவ்வாய்க்கிழமையே ஏழு என்று எழுதிவிட்டார். அது சரியான எண். அண்ணா அதைச் சரிக்கட்டி நான்காகச் செய்கிறார். ஒருவர் மட்டும் தந்திரம் செய்திருந்தால் பல் பொருந்தியிருக்கும். இரண்டு பேரும் செய்வதால் மறுபடியும் குளியலறை ஓடுதான். அந்தப் பல் அப்போது உலைக்குள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ நோட்டு எழுதறவளாச்சே. நடக்கிறதைத் தேதி போட்டு எழுதி வை. நாளைக்கு உன் அக்கா நம்பணும்ல" என்றார் அண்ணாவும்.

ஆக, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது எனக்குப் பொருந்தாது. மத்தளம் தப்பு செய்வதில்லை.

பெரியவர் வீட்டுக்குப் போகும்போது சட்டத்தின் மேல் தன் வெள்ளை முடி ஒன்றைக் குறுக்கே ஒட்டி வைக்கிறார். அண்ணா அதன் கைப்பிடியில் என் மாவைச் சிட்டிகை எடுத்துத் தூவி வைக்கிறார். காலையில் முடி அறுந்திருக்கிறது, மாவு கலைந்திருக்கிறது. ஏனென்றால் இருவருமே மற்றவர் தொட்டாரா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். இன்று டீ குடிக்கும்போது இருவர் ஆள்காட்டி விரலிலும் மாவு இருந்தது. என் இரண்டு கையிலும்தான், ஆனால் என்னை யாரும் பார்ப்பதில்லை.

நாளைய வேலை: இருவரில் ஒருவரிடமாவது சொல்வது. எவர் என்று முடிவு செய்வது.

ஜூலை 19, வெள்ளி. மூட்டம்.

பிழை: எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் செடி விஷயம். ஜன்னல் மேசையில் ஒரு தொட்டி இருக்கிறது, பெரிய இலைகளுள்ள செடி. அக்கா வைத்தது. நாலு மணிக்கு எல்லோருக்கும் டீ போடுவது அண்ணா. பத்து நாளாகப் பெரியவர் தன் டீயைக் குடிப்பதில்லை. அண்ணா உள்ளே திரும்பியதும் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலி தம்ளரை "நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை" என்று நீட்டுவார். டீயில் லிக்விட் வாடை அடிக்கிறது என்கிறார். லிக்விட் என்பது பல்செட் செய்யும்போது தூளில் கலக்கிற நெடி பிடித்த திரவம். எங்கள் லேபில் எதில்தான் அந்த வாடை இல்லை? என் தலையணையிலேயே அடிக்கிறது.

புதன்கிழமை செடி தலை சாய்ந்தது. நேற்று இலையெல்லாம் கொட்டிவிட்டது.

பெரியவர் என்னைக் கூப்பிட்டு, விரலால் தொட்டியைக் காட்டி, என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, தினமும் கொதிக்கக் கொதிக்க டீ ஊத்தினா எந்தச் செடியும் செத்துப் போகும்."

"அப்படியா? நான் குடிச்சிருந்தா?"

"நீங்க குடிக்கத்தானே ஐயா டீ போடுறது."

"எழுதி வை" என்றார்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பெட்டி ஒட்டும் டேப்பின் நுனியைத் தேடுவதுபோல் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நுனி அகப்படவில்லை. "மேல சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பரிமாறிக்கிறாங்க தெரியுமா? நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு. எனக்கு அது மரியாதைன்னு தோணுச்சு. நேத்துதான் புரிஞ்சுது, யார் முதல்ல தின்னு பாக்கிறதுங்கிற போட்டி" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்பா பாவம்னு நெனச்சா இவர் மேல கோவம் வருது. இவர் பாவம்னு நெனச்சா அப்பா மேல வருது. உன்னை மாதிரி எட்டி நின்னு பாத்தா நல்லா இருக்கும்" என்றாள்.

எட்டி நிற்பவள் நான்.

தபால்காரர் மூன்றாவது தடவையாக வந்தார். பதினைந்தாம் தேதி எடுத்துப்போன பல்லும் அதே வெளுப்பு. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க, நான் சிரிக்காத ஆளாவே இருந்துக்கிறேன். தபால் குடுக்கச் சிரிக்கணும்னு சட்டமா என்ன" என்றார். கையை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். கிளம்பும்போதுதான் கையை இறக்கினார். கை இல்லாமலே மூடிக்கொள்கிற மாதிரி அவர் மேலுதடு கீழே இறங்கி நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

அவர் போன பிறகு பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். ஜூன் 21-க்குப் பிறகு நிறம் சேராமல் திரும்பியவை பன்னிரண்டு. நான்கு அல்லது ஏழு எழுதிய சீட்டுகள் ஐந்து. அவை என்னுடையவை. மீதி ஏழு சீட்டுகளில் வேறு எண்கள். இரண்டு, பதினொன்று, ஐந்து. நான் இடம் மாற்றாத பற்கள். அவற்றை அண்ணா மாற்றிச் செய்யவில்லை, சீட்டில் உள்ளபடியே செய்திருக்கிறார்.

அப்படியானால் நிறம் பார்த்த கண்தான்.

இரண்டு தடவை எண்ணினேன். ஏழுதான். பெரியவர் பல் மாறியிருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, விரலால் கண்டுபிடித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் தேதியே அவர் வாயால் சொன்னதுதான். நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்ல வேண்டுமானால் என் ஐந்தையும் சொல்ல வேண்டும். சீட்டுகளைக் கட்டி இருந்த இடத்தில் வைத்தேன்.

நாளைய வேலை: சொல்வது. (சனிக்கிழமை அரை நாள்தான். திங்கட்கிழமை.)

ஜூலை 23, செவ்வாய். காலையில் தூறல், பிறகு நல்ல வெளிச்சம்.

பிழை: திங்கட்கிழமையும் சொல்லவில்லை.

பீங்கானின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்க எங்களிடம் ஓர் அமிலம் உண்டு. கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு எலும்புவரை போகும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். உள்ளறைக் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பாவுக்குள் அது இருக்கும். தூள் குழைக்கிற திரவம் அண்ணாவின் மேசை மேல் இருக்கும். இரண்டும் ஒரே அளவு வெள்ளைப் புட்டிகள், லேபிள்தான் வித்தியாசம். தினமும் காலையில் புட்டிகளைப் பட்டியலோடு சரிபார்த்து டிக் போடுவது என் பொறுப்பு.

இன்று தூறலால் பேருந்து தாமதம். வந்ததும் அச்சுக்கு மாவைக் கரைத்துவிட்டு, கையில் கிண்ணத்தோடே உள்ளறைக்குப் போனேன். அண்ணா வேலையைத் தொடங்கியிருந்தார். நான் குனிந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்தது தூள் குழைக்கும் திரவம்.

ஒரு நொடி எனக்கு அது வெறும் தவறாகத்தான் தெரிந்தது. இடம் மாறி இருக்கிறது, திருப்பி வைக்க வேண்டும் என்று. அப்புறம்தான், அப்படியானால் மேசை மேல் இருப்பது எது என்று தோன்றியது. நிமிர்ந்தேன். அண்ணா பல்லின் முனையைப் பார்த்துக்கொண்டே தூரிகையை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

கத்த வரவில்லை. கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே அவர் முகத்தில் வீசினேன்.

அரைக் கிண்ணம் மாவு. நெற்றியிலிருந்து மார்புவரை. தூரிகை மேசைக்கடியில் போய் விழுந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, சுவரில் முட்டி நின்று, இரண்டு கண்களை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"வாயில பட்டுச்சா? கையில? கழுவுங்க, முதல்ல கழுவுங்க" என்று அவரைக் குழாய்க்கு இழுத்தேன். கையைத்தான் முதலில் கழுவ விட்டேன். பத்து நிமிடம் விடவில்லை. படவில்லை. எங்கும் படவில்லை. இதை எழுதும்போதும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், படவில்லை.

அக்காவும் பெரியவரும் ஓடிவந்தபோது அண்ணாவின் முகத்தில் மாவு இறுகத் தொடங்கியிருந்தது. நான் மேசையைக் காட்டினேன். கண்ணாடித் தட்டில் தூள் குழைத்த இடம் பனி படிந்தாற்போல் மங்கியிருந்தது. அக்கா புட்டியை எடுத்து லேபிளைப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா." அண்ணா உதட்டை அசைத்தபோது வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. "நேத்து சாயங்காலம் நான் வெளியே போனப்ப உள்ள வந்தீங்களா?"

"சாப்பிட்டீங்களா"வைத் தவிர, எட்டு வருடத்தில் அவர் மாமனாரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"வந்தேன். ஒரு பல்லைச் சொரசொரப்பாக்க வேண்டியிருந்துச்சு. புட்டியை எடுத்தேன், மேசையில வெச்சு வேலை பாத்தேன், திருப்பி டப்பாவுல வெச்சேன்."

"என்னைக் கொல்லணும்னா சொல்லியிருக்கலாமே, மாமா. நானே ஒதுங்கியிருப்பேனே."

"டீயில கலந்தப்ப நீங்க என்கிட்ட சொன்னீங்களா மாப்பிள்ளை?"

இருவரும் கத்தவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் பேசுவதுபோல் பேசினார்கள். அக்கா தரையிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். "ஜூன் இருபத்தொண்ணு. சட்டத்தைக் கழுவினப்ப நான்தான் நாலையும் ஏழையும் மாத்திச் செருகிட்டேன். பஸ்ஸுக்கு அவசரம். யாரும் வேணும்னு எதுவும் செய்யல."

பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மாப்பிள்ளை சொல்லச் சொன்னாராம்மா?"

"மாமா சொல்லச் சொன்னாரா?" என்றார் அண்ணா அதே நேரத்தில்.

பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லச் சொல்லலையா?"

"இல்லையே. நீங்க?"

நோட்டைக் கொண்டுவந்து படித்தேன். ஜூன் 21, பதினாறு பல், பேருந்து. பெரியவர் சீட்டில் சரிக்கட்டியது, அண்ணா தூளில் சரிக்கட்டியது, இரண்டும் சேர்ந்து தபால்காரர் வாயில் மோதியது. முடி, மாவு, செடி. சீட்டுகளை எண்ணிய பகுதியை மட்டும் படிக்கவில்லை. படிக்கப் படிக்க இருவரும் அருகருகே வந்து நின்றுவிட்டார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் ஒரே பக்கம் நின்று நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்துக்கு எதிரில் நான் நின்றேன்.

"ரெண்டு வாரமா எங்களை வேடிக்கை பாத்தியா?" என்றார் அண்ணா.

பார்த்தேன் என்பதுதான் பதில்.

பெரியவர் அக்காவின் கையிலிருந்து புட்டியை வாங்கினார். ஜன்னல் மேசைக்குப் போனார். மழை விட்டு நல்ல வெளிச்சம் வந்திருந்தது. புட்டியை முகத்தருகே கொண்டுவந்தார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்த டப்பாவுல இருக்கிறதையும் கொண்டுவாங்க."

அண்ணா கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லேபிள்களை விரல் நுனியால் தடவினார். காகிதம் வழுவழுப்பாக இருக்கும், விரலுக்கு ஒன்றும் அகப்படாது.

"ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

முன்பக்கம் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

"நீ மாத்தினது ரெண்டு பல்லு, மாவு. திரும்பி வந்தது அதைவிட அதிகமாச்சே. எண்ணாம இருந்திருக்க மாட்டியே."

"பன்னிரண்டு, ஐயா. அஞ்சு என்னால. ஏழு..." நிறுத்திவிட்டேன்.

"ஏழு என்னால. எப்ப எண்ணின?"

"வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நேத்து அந்தப் புட்டியைத் தொட்டிருக்க மாட்டேன்."

திட்டாமல் சொன்னார். கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, செத்த செடியின் குச்சியை நிமிர்த்தி வைக்கப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"மாப்பிள்ளைதான் செய்றார்னு நெனச்சுக்கிட்டு நான் நல்லா இருந்தேன்மா. பல்லு மாறியிருக்குன்னு தெரிஞ்ச அன்னிலேருந்து நிம்மதியாத் தூங்கினேன். எதிரி இருக்கிற வரைக்கும் எனக்குக் கண்ணு இருந்துச்சு."

அண்ணா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். மாவு இறுகிவிட்டதால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புருவத்தில் பாதி அதோடு வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஜன்னல் மேசை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்காருவார் என்று நினைத்தேன். இல்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு வருடமாக வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது அவரால் அதைப் பார்க்கக்கூட முடியவில்லை. நாலு மணிக்கு வழக்கம்போல் டீ கொண்டுவந்தார். பெரியவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"சக்கரை கொஞ்சம் கம்மி, மாப்பிள்ளை."

"நாளைக்குச் சேத்துப் போடுறேன் மாமா."

இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று தோன்றவும் இல்லை.

நான் கிளம்பும்போது பெரியவர் என் விண்ணப்பத்தைக் கேட்டார். நான் கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். "பையிலதான் இருக்கு, எடு" என்றார். பேனாவைத் திறந்துகொண்டு, "எங்க போடணும்? விரலை வெச்சுக் காட்டு" என்றார். கோட்டின் மேல் விரலை வைத்தேன். என் நகத்தை ஒட்டித் தொடங்கி, கோட்டை விட்டு இறங்கி, தேதி எழுதும் கட்டம்வரை கையெழுத்து போனது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

நாளைக்குக் கண் மருத்துவமனைக்கு யார் கூடப் போவது என்று அக்கா கேட்டதற்கு, "மாவு வரட்டும், டாக்டர் சொல்றதை எழுதிக்குவா" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளைக்கு வேலை இல்லேன்னா அவரும் வரட்டும். படிக்கட்டு இருக்கும்" என்றார். அதை அக்கா வழியாகத்தான் சொல்லி அனுப்பினார்.

நாளைய வேலை: காலை எட்டரை மணிக்கு இருவரோடும் கண் மருத்துவமனை. திரும்பி வந்ததும் நான்காம் பல்லை நான்காம் துளையிலும் ஏழாம் பல்லை ஏழாம் துளையிலும் வைப்பது. துளைகளின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது. தபால்காரரின் வீட்டுக்கு நானே போய், இன்னும் ஒரே ஒரு தடவை வரச்சொல்லிக் கேட்பது.